பல்லி சொன்ன வாடகை

ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு, சரவணம்பட்டி அரும்பு அடுக்ககத்தின் நூற்று அறுபது வீடுகளிலும் ஒரே நேரத்தில் போன் சிணுங்கும். அந்த நேரத்தில் பால் பாக்கெட் போடுகிறவர்கூட வராந்தாவில் நிற்காமல் நழுவிவிடுவார். எந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து என்ன வசவு வரும் என்று யாருக்குத் தெரியும்? போன மாதம் மூன்றாவது மாடிக்காரர் லுங்கியோடு வெளியே வந்து, யாரை என்றில்லாமல் பத்து நிமிடம் திட்டிவிட்டு உள்ளே போனார். அந்த மாதக் கடைசியில் அவருடைய கட்டில் லாரியில் ஏறியது.

நாலாவது மாடியில் கோகிலவாணி அடுப்படியில் நின்றபடியே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஹாலில், நைட் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்த அவள் கணவன் சென்னியப்பன் போனை எடுக்கும் சத்தம் கேட்டது. 

"வாடகை எவ்வளவு ஏத்தியிருக்குதுங்க?"

அடுப்பைத் தணித்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்களத்தான்!"

"ஏத்தல. கொறைச்சிருக்குது."

கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். "என்னது?"

"முப்பத்தி நாலாயிரம் இருந்தது இருபத்தி எட்டு ஆயிருச்சு."

அவள் கரண்டியைச் சோபாவில் போட்டுவிட்டு அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். நூற்று அறுபது வீட்டில் எவருக்கும் நடக்காத அதிசயம்! சென்னியப்பன் மட்டும் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். நல்ல சேதி சொன்ன மனிதனின் முகம் அப்படி இருக்காது. ஆனால் கோகிலவாணிக்கு அந்தக் காலையில் முகம் பார்க்க நேரமில்லை.

வாடகையைக் கணக்குப் போடுகிற கருவிக்குப் பல்லி என்று பெயர் வைத்தது குடியிருந்தவர்கள்தான். அதை மாட்டி வாடகை வசூலிக்கிற கம்பெனி அதற்கு ஏதோ நீளமான பெயர் வைத்திருந்தது, அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. வாசல் நிலைக்கு மேலே, உள்பக்கச் சுவரில், கட்டைவிரல் அளவுக்கு வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அரைமணிக்கு ஒருதரம் 'டிக்' என்று சொல்லும். உள்ளே வருகிற ஆளைப் பார்த்து, இந்த வீட்டை விட்டுப் போக இவருக்கு எவ்வளவு மனசு வராது என்று ஒரு எண் போடும். அதற்குப் பெயர் பிடிமானம். பிடிமானம் ஏறினால் வாடகை ஏறும். எப்படியும் போகமாட்டார்கள் என்று தெரிந்த பிறகு ஏற்றுவதற்கு என்ன தயக்கம்? பிடிமானம் இறங்கினால் வாடகையும் இறங்கும், ஏனென்றால் காலி வீடு கம்பெனிக்கு நஷ்டம். திருப்பூரில் இருந்த வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்டால், "நானுங்களா போடறேன்? பல்லி போடுதுங்க" என்று கையை விரித்துவிடுவார்.

ஊரே அப்படித்தான் ஆகிவிட்டிருந்தது. கணபதியிலிருந்து கோவில்பாளையம் வரை பல்லி இல்லாத வீடு கிடையாது. அதைத் தாண்டி அன்னூர்ப் பக்கம் போனால் பழைய லைன் வீடுகள் உண்டு. ஆனால் கோகிலவாணியால் போக முடியாது. அவள் மகள் மகிழினிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மண்டைக்குள் ஒரு கருவி வைத்து, காதுக்கு மேலே முடிக்குள் காந்த வில்லை ஒன்றை ஒட்டிவைத்தால்தான் கேட்கும். கேட்டாலும் பேச்சு தானாக வந்துவிடாது, யாராவது பிடித்து உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதைச் சொல்லிக் கொடுத்த ஷீபா டீச்சரின் வகுப்பு, வீட்டிலிருந்து நடந்து போனால் ஏழு நிமிடம். ஆறு வயது வரை 'ம்மா' என்றுகூடச் சொல்லாத பிள்ளை, இன்று ஒன்பது வயதில், "இன்னிக்கும் உப்புமாவா?" என்று சலித்துக்கொள்கிறாள். அந்த ஏழு நிமிடத்துக்காக எந்தத் தாய் எதைத்தான் செய்யமாட்டாள்?

கோகிலவாணி இரண்டு வருடமாக நடித்தாள். இன்றைக்கோ நாளைக்கோ இந்த வீட்டைக் காலி செய்யப் போகிறவளாக நடித்தாள். குடி வந்த அன்று பால் காய்ச்சக்கூடாது என்று சொன்னதே அவள்தான். பால் பொங்குவதைப் பல்லி பார்த்துவிட்டால் பிடிமானம் ஏறிவிடுமாம். சுவரில் ஆணி அடிக்கவில்லை, படம் மாட்டவில்லை. ஹாலில் ஏழு அட்டைப்பெட்டிகளைச் செய்தித்தாள் அடைத்து டேப் ஒட்டி வைத்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இழுத்துப் போட்டாள். தொட்டியில் தழைத்து வந்த கறிவேப்பிலையை வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு ஃப்ளோராவோடு வாரம் ஒரு சண்டை. எதற்குச் சண்டை என்று லிஃப்டில் பேசி முடிவு செய்துகொண்டு, வாசலில் வந்து போடுவார்கள். போட்டு முடித்துவிட்டு மறுநாள் லிஃப்டில் சிரிப்பார்கள். ஒருநாள் சண்டை சூடு பிடித்த வேகத்தில், பேசி வைத்ததில் இல்லாத ஒன்றை ஃப்ளோரா சொல்லிவிட்டாள். "கதவை அந்த அறை அறையுது உம்புள்ள, அதுக்கென்ன, அதுக்குத்தான் காது கேக்காதே!" மகிழினி அங்கேயே நின்றிருந்தாள். ஆறு மாதமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அந்தச் சண்டையை நடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வித்தை வைத்திருந்தாள். மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள், ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, சின்னவேடம்பட்டி குளக்கரையில் பத்து நிமிடம் சும்மா உட்காருவாள். வீடு வந்துவிட்டது என்கிற ஆசுவாசம் நெஞ்சில் இருந்தால் பல்லி மோப்பம் பிடித்துவிடும், அதனால் மனசை ஆறவைத்துவிட்டு உள்ளே நுழைய வேண்டும் என்று யாரோ வீடியோவில் சொல்லியிருந்தார்கள்.

இத்தனைக்கும் கிடைத்த பலன்தான் இந்த ஆறாயிரம் என்று அவள் நம்பினாள். லிஃப்டில் நாலு பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு கேட்டபோது, பரீட்சையில் முதலாவது வந்த பிள்ளையாட்டம் தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்: "பெட்டிய ஒரே எடத்துல வெக்காதீங்க. அப்பப்ப நகத்தோணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அன்வர் வந்தான். பல்லிகளுக்கு பேட்டரி மாற்றுகிற பையன் என்று அடுக்ககம் முழுக்கத் தெரியும், முப்பது வயதாகியும் பையன்தான். ஸ்டூலில் ஏறி நின்று பல்லியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தவனிடம், கோகிலவாணி டீ டம்ளரை நீட்டியபடி பெருமையை அவிழ்த்துவிட்டாள்.

"பாத்தியா அன்வர், உங்க பல்லியவே ஏமாத்திப் போட்டோம். ஆறாயிரம் கொறைஞ்சிருக்குது."

அன்வர் ஹாலில் இருந்த பெட்டிகளைப் பார்த்தான். பாவமாகப் பார்த்தான்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இது பெட்டியெல்லாம் பாக்கறதில்லீங்க. சண்ட போட்டா கேக்கறதும் இல்ல. ஒப்பந்தத்துலயே எழுதியிருக்குது, யாரும் படிக்கறதில்ல. உள்ள வர்றவங்க நெஞ்சு எப்படி அடிக்குது, மூச்சு எப்படி எறங்குது, செருப்பக் கழட்டறப்ப தோள் எவ்வளவு தளருது, அவ்வளவுதான் அதுக்கு வேணும். அதுல நடிக்க முடியாதுங்க. பெரிய பெரிய ஆளுங்க முயற்சி பண்ணிப் பாத்துட்டாங்க."

"பின்ன எங்க வீட்டுக்கு எப்படிக் கொறைஞ்சுது?"

அன்வர் மூடியை மாட்டினான். தேவைக்கு அதிகமான நேரம் எடுத்துக்கொண்டு மாட்டினான்.

"சொல்லு அன்வர்."

"வீட்டுல எத்தன பேருன்னாலும், பிடிமானம் ரொம்பக் கொறைஞ்ச ஒரு ஆளோட எண்ணத்தான் வீட்டு எண்ணா எடுத்துக்கும்ங்க. ஒருத்தர் கெளம்புனா வீடே கெளம்பிரும்னு அதோட கணக்கு. அதுவும் மூணு மாசம் விடாம அடியில கெடந்தாத்தான் வாடகைய எறக்கும், ஏத்தறதுன்னா ஒரு மாசம் போதும். அவ்வளவு எறங்கியிருக்குதுன்னா..." அவன் ஸ்டூலிலிருந்து இறங்கினான். "இந்த வீட்டுல யாரோ ஒருத்தர் நெஜமாலுமே கெளம்பறாங்கன்னு அர்த்தம்ங்க, அக்கா."

"யாருன்னு காட்டுமா?"

"ஒப்பந்தம் யாரு பேருல இருக்குதோ அவங்க போனுக்கு மாசாமாசம் ஆளுக்கொரு கோடு போட்டுப் படம் வரும்ங்க. எங்களுக்குத் தெரியாது."

ஒப்பந்தம் சென்னியப்பன் பேரில் இருந்தது. டீயைக் குடிக்காமலே அன்வர் போய்விட்டான். கவிழ்த்து வைத்த போன் இப்போதுதான் அவள் ஞாபகத்துக்கு வந்தது.

சந்தேகம் வந்துவிட்டால் கண்ணுக்குத் தனிக் கூர்மை வந்துவிடும். அடுத்த பத்து நாளில், பதினோரு வருடமாகப் பார்க்காத அளவுக்குக் கோகிலவாணி தன் புருசனைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை வேலையிலிருந்து வந்தபோது மகிழினியின் தலையில் புதிதாக இரட்டைப் பின்னல் இருந்தது. அந்தத் தலையைப் பின்னுவது லேசான காரியமில்லை. வில்லை நழுவாமல், அதன் ஒயர் இழுபடாமல், காதுக்கு மேலே இரண்டு விரல் இடம் விட்டு வகிடு எடுக்க வேண்டும். அது கோகிலவாணிக்கு மட்டுமே தெரிந்த வேலை.

"யாரு பின்னி விட்டா?"

"அப்பா" என்றாள் மகிழினி. "மொதல்ல வலிச்சுது. இப்ப வலிக்கல."

மொதல்ல என்றால், எத்தனை நாளாக? கேட்டதற்கு மகிழினி விரல் விட்டு எண்ணி, பத்து விரலும் போதாமல் சிரித்தாள்.

புதன்கிழமை அடுப்படி டப்பாக்களில் எல்லாம் பேர் எழுதி ஒட்டியிருந்தது. சீரகம், சோம்பு, கடுகு. அலமாரியின் மேல்தட்டில் ஒரு டப்பாவில், சென்னியப்பனின் கோணல் எழுத்தில், 'மகி காது பேட்டரி'. வெள்ளிக்கிழமை பள்ளி டைரியை எடுத்துப் பார்த்தாள். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்களில் முதலில் இருந்த அவள் எண் இரண்டாவதாக இறங்கி, அவன் எண் மேலே ஏறியிருந்தது. லேத் பட்டறையில் ஏழு வருடமாக நைட் ஷிப்ட் பார்த்தவன், ஒரு வார்த்தை சொல்லாமல் பகல் ஷிப்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான் என்பதை அவனுடைய சினேகிதனின் மனைவி கடைத்தெருவில் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? அவன் போகிறான். தனியாகப் போகவில்லை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறான்.  சண்டை போடுகிற மனிதனாக இருந்தால் கேட்டுவிடலாம். இவன் பதினோரு வருடத்தில் குரலை உயர்த்தியதே இல்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தாள். தினமும் சாயங்காலம் குளக்கரையில் உட்கார்ந்து, இன்றைக்குக் கேட்பதா நாளைக்குக் கேட்பதா என்று யோசித்து, இருட்டுக் கட்டும்போது எழுந்து வந்தாள்.

கடைசியில் அவள் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கே கூசும். பள்ளிக்கூடத்துக்குப் போய் ஷீபா டீச்சரிடம், "நான் வராம மகிய யாருகூடவும் அனுப்ப வேண்டாமுங்க. அவங்கப்பாகூடவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். டீச்சர் அந்தத் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மடித்து மேசையில் வைத்துக்கொண்டார்.

மறுநாளே நாலரை மணிக்கு போன் வந்தது. "உங்க வீட்டுக்காரர் வந்து நிக்கறாருங்க. நீங்க எழுதிக் கொடுத்ததால நான் அனுப்பல. கேட்டுக்கு வெளியதான் நிக்கறார். நீங்க கொஞ்சம் வந்தீங்கன்னா..."

கோகிலவாணி கம்பெனியிலிருந்து பர்மிஷன் போட்டுவிட்டு ஓடி வந்தபோது மணி ஐந்தரை. சென்னியப்பன் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், பட்டறை எண்ணெய்க் கறை போகாத கையில் ரெண்டு கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு நின்றிருந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் மகிழினி உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் ஒரு பூட்டு. அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். உள்ளே வந்ததும் பெற்றோர் இருவர் முகத்தையும் பார்த்த மகிழினி, காதுக்கு மேலிருந்த வில்லையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, படம் வரைகிற நோட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். ஃப்ளோராவோடு போட்ட வாசல் சண்டைகளில் பிள்ளை கற்றுக்கொண்ட வித்தை அது.

"எப்பக் கெளம்பறீங்க?" என்றாள் கோகிலவாணி.

"நானா?"

"மறைக்காதீங்க. அன்வர் எல்லாஞ் சொல்லிட்டான். இந்த வீட்டுல ஒருத்தர் கெளம்பறாங்கன்னாத்தான் வாடகை எறங்குமாம். யாருன்னு உங்க போனுக்குப் படம் வருமாம். தலை பின்னக் கத்துக்கிட்டீங்க. பேட்டரி எங்க இருக்குதுன்னு எழுதி வெச்சுக்கிட்டீங்க. ஷிப்ட மாத்திக்கிட்டீங்க. எம்புள்ளைய எங்க கூட்டிக்கிட்டுப் போறதா இருந்தீங்க? எடுங்க அந்தப் படத்த."

"வேண்டாம் கோகி."

"எடுங்கன்னு சொல்றேன்!"

 சென்னியப்பன் போனைத் திறந்து, அந்தப் பக்கத்தை எடுத்து, அவள் கையில் கொடுத்தான்.

மூன்று கோடுகள் இருந்தன. பச்சைக்கோடு உச்சியில் நின்றவாறே நின்றது. நீலக்கோடு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஆனாலும் மேலேதான் இருந்தது. சிவப்புக்கோடு ஒன்றரை வருடமாகப் படிப்படியாக இறங்கி, கடைசி மூன்று மாதத்தில் தரையைத் தொட்டிருந்தது. அவள் சிவப்பைப் பார்த்தாள். அதற்குக் கீழே எழுதியிருந்த பெயரைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். கோகிலவாணி என்றே எழுதியிருந்தது.

பச்சை, சென்னியப்பன்.

"இது தப்பு" என்றாள். "நான் நடிச்சேன். வேணும்னேதான் மனச ஆற வெச்சுட்டு உள்ள வந்தேன். மகிக்காகத்தான்... அதப் போயி இது..."

"மொதல்ல நானும் அப்படித்தான் நெனச்சேன்." அவன் மெதுவாகச் சொன்னான். "தினமும் குளத்துக்கரையில எவ்வளவு நேரம் உக்கார்ற?"

"பத்து நிமிசம்."

"போன மாசம் ஒருநாள் உம்பின்னாலயே வந்து நின்னு பாத்தேன் கோகி. ஒண்ணேகால் மணி நேரம் உக்காந்திருந்த. எந்திரிக்கறப்ப உம்முகம்... அந்த முகத்தோட ஒருத்தி வீட்டுக்கு வர வேண்டாம்னு இருந்துது எனக்கு."

 பத்து நிமிடம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இருட்டுக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் என்று நினைத்திருந்தாள். குளக்கரை ரோட்டில் மேட்டுப்பாளையம் பஸ் போகும். ஒருநாள் ஒரு காரணமும் இல்லாமல் கண்டக்டரிடம், கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் எவ்வளவு என்று கேட்டாள். ஏறவில்லை. கேட்டாள், அவ்வளவுதான். அதை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. பல்லிக்குத் தெரிந்திருக்கிறது.

பிடிக்காத மாதிரி இருக்க இருக்க, நிஜமாகவே பிடிக்காமல் போய்விட்டது. படம் மாட்டாத சுவர், செடி இல்லாத தொட்டி, சிரிக்காத பக்கத்து வீடு, செய்தித்தாள் அடைத்த பெட்டிகளுக்கு நடுவில் நடமாடும் புருசனும் பிள்ளையும். எதைக் காப்பாற்றுவதற்காக இத்தனையும் செய்தாளோ, அதற்குள் நுழையும்போது தன் நெஞ்சு சும்மா கிடந்ததை அவள் வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் பெட்டி ஒன்றின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள்.

"ஏன் எங்கிட்டக் கேக்கல நீங்க?"

"கேட்டா இருந்துருவ. மகிக்காக இருப்ப, எனக்காகக்கூட இருப்ப. போக முடியாதவளப் பாத்துப் பாத்து ஏத்தறதுதான் அந்தப் பல்லியோட வேல. அதே வேலைய நானும் பண்ணோணுமா?" சென்னியப்பன் அவள் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டான். "நீ போயிட்டாலும் புள்ளைக்குத் தலை பின்னோணும், பேட்டரி மாத்தோணும். கத்துக்கிட்டேன். அவ்வளவுதான் கோகி. நான் எங்கயும் கெளம்பல."

அவள் எழுதிக் கொடுத்த தாள் ஷீபா டீச்சரின் மேசையில் இருக்கிறது என்ற நினைப்பு அப்போது வந்தது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது அவளுக்கு.

"இதுல இன்னொண்ணும் இருக்குது" என்றான் அவன். "நீ போற மாதிரி இருக்கறவரைக்குந்தான் நாம இந்த வீட்டுல இருக்க முடியும். உம்மனசு திரும்பி வந்துச்சுன்னா, நம்ம மூணு கோடும் மேல நிக்கும். அப்பறம் பல்லி கேக்கற வாடகைய நம்மளால குடுக்க முடியாது."

டிக் என்றது பல்லி.

அடுத்த ஒன்றாம் தேதிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அந்தப் பதினெட்டு நாளும் கோகிலவாணி, தன் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று தானே தெரிந்துகொள்ள முடியாதவளாக இருந்தாள். மறுநாள் காலையே டீச்சரிடம் போய் அந்தத் தாளை வாங்கிக் கிழித்துப் போட்டாள். அது சுலபமாக இருந்தது. ஃப்ளோரா வீட்டு அழைப்பு மணியை அழுத்தியது அவ்வளவு சுலபமாக இல்லை. கதவைத் திறந்த ஃப்ளோரா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தச் சொல்ல நான் எப்படிச் சொன்னேன்னே தெரியல கோகிலா, தெனமும் ஜெபத்துல அழறேன்" என்றாள். "எங்கிட்ட வேண்டாம், அவகிட்டச் சொல்லு" என்றாள் கோகிலவாணி. ஃப்ளோரா சொன்னாள். மகிழினி கேட்டுவிட்டு, "சரி, உங்க வீட்டுல கேக் இருக்குதா?" என்றாள்.

குளக்கரையை மட்டும் அவள் விடவில்லை. விட முடியவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் சென்னியப்பனும் மகிழினியும் அங்கேயே வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள்.  மேட்டுப்பாளையம் பஸ் போனபோது சென்னியப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான், அதை அவள் பார்த்தாள். அப்புறம் தினமும் மூன்று பேரும் வந்தார்கள், மூன்று பேரும் சேர்ந்தே வாசலைத் தாண்டி உள்ளே போனார்கள். இது பாசமா, குற்ற உணர்ச்சியா, வெறும் பரிதாபமா? மனசு சொல் பேச்சுக் கேட்கிற சாமானாக இருந்தால், அதை மேலே ஏறு என்றோ கீழே இறங்கு என்றோ சொல்லியிருப்பாள். எதைச் சொல்வது என்பதும் தெரியவில்லை. இறங்கினால் மகிழினிக்கு ஏழு நிமிடப் பள்ளிக்கூடம் இருக்கும், அம்மா இருக்கமாட்டாள். ஏறினால் அம்மா இருப்பாள், பள்ளிக்கூடம் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடும்.

முப்பதாம் தேதி ராத்திரி இருவரும் தூங்கவில்லை, தூங்குவதாகப் பாவனை மட்டும் செய்தார்கள். அதில் இருவருக்கும் நல்ல பழக்கம் இருந்தது.

காலை ஆறு மணிக்கு போன் சிணுங்கியது. சென்னியப்பன் எடுக்கவில்லை, மேசையில் இருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய உள்ளங்கை இரண்டும் வேட்டியைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தன. கோகிலவாணிதான் எடுத்தாள். கண்ணில் நீர் முட்டியதால் எண் சரியாகத் தெரியவில்லை, துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"எவ்வளவு?" என்றான். 

"நாப்பத்தி ஒண்ணு."

"நாப்பத்தி ஒண்ணா? நாப்பத்தி ஓராயிரமா?"

"ஆமாங்க."

 சென்னியப்பன் பின்னாலிருந்த அட்டைப்பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தான். உள்ளே பழைய செய்தித்தாளைத் தவிர வேறென்ன இருக்கிறது? பெட்டி அப்படியே அமுங்கி அவனை இடுப்பு வரை உள்ளே வாங்கிக்கொண்டது. காலும் கையும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அவன் சிரிக்கத் தொடங்கினான். கோகிலவாணி அவனைத் தூக்கிவிடப் போய், முடியாமல், தானும் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பதிமூன்றாயிரம் ஏற்றியதற்கு இப்படிச் சிரித்த குடும்பம் அந்த அடுக்ககத்தில் வேறு இருந்திருக்காது.

சத்தம் எதுவும் கேட்காமல், சும்மா தூக்கம் கலைந்து வந்த மகிழினி, அப்பாவைப் பெட்டிக்குள் பார்த்துவிட்டு அவசரமாக வில்லையை எடுத்து ஒட்டிக்கொண்டாள்.

"என்னாச்சு?"

"அன்னூருக்குப் போறோம் கண்ணு" என்றாள் கோகிலவாணி. "இந்த வீட்டுக்கு நம்மளால வாடகை குடுக்க முடியாது."

"ஷீபா டீச்சர்?"

"டீச்சர் இருப்பாங்க. அப்பாதான் பகல் ஷிப்டு ஆயிருச்சே, காலையில ஆறரைக்கு வண்டியில கூட்டிட்டு வந்துருவேன்" என்றான் சென்னியப்பன் பெட்டிக்குள்ளிருந்தே. "ஒரு மணி நேரம் ஆகும். லாரி சத்தமெல்லாம் இருக்கும். உனக்குத் தலைவலிக்கும்."

மகிழினி யோசித்தாள். லாரிச் சத்தம் அவளுக்கு ஆகவே ஆகாது, மூவருக்கும் அது தெரியும். முகம் கொஞ்சம் கோணியது. பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு, "கழட்டி பாக்கெட்ல வெச்சுக்கறேன்" என்றாள்.

அந்த மாதம் முழுக்க அவர்கள் பெட்டிகளிலிருந்து செய்தித்தாளை வெளியே எடுத்தார்கள், பாத்திரங்களை உள்ளே வைத்தார்கள். சீரகம், சோம்பு, கடுகு என்று பேர் ஒட்டியிருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது. வாட்ச்மேன் கறிவேப்பிலைத் தொட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து லாரிக்குப் பக்கத்தில் வைத்தார்.

லாரி கிளம்ப இன்னும் அரைமணி நேரம் இருந்தது. எல்லாப் பாத்திரமும் கட்டியாகிவிட்டது. கோகிலவாணி ஒரு பெட்டியைப் பிரித்துச் சின்னக் கிண்ணம் ஒன்றை எடுத்து, காலியான அடுப்படியில் பால் வைத்தாள்.  சென்னியப்பன் மகிழினியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டான். பால் நுரைத்து, ஏறி, கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டிப் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு வருடம் தள்ளிப் பொங்கினாலும் பால் பால்தானே.

ஹாலில் டிக் என்று சத்தம் கேட்டது.

"ஏத்திக்கோ" என்றாள் கோகிலவாணி, திரும்பிப் பார்க்காமலே. "எவ்வளவு வேணுமோ ஏத்திக்கோ."

பாலை நாலு டம்ளரில் ஊற்றினாள். நாலாவது டம்ளரை எடுத்துக்கொண்டு மகிழினி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.